புதியதை விட்டுப் பழைய பிளேயரை ஏன் வாங்கினேன்

எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ‘தொழிலில் என் அனுபவம்’ என்று எழுதித் தரச் சொல்லி நிர்வாகிகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்தத் தலைப்பில் யார் எழுதினாலும் நான் படிக்க மாட்டேன் என்பதால், வேறு ஒன்றை எழுதுகிறேன். போன வருடம் நான் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். என் மகள் அதைப் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அன்று முழுக்க எனக்குக் கேலிதான். “பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை அண்ணன் காசு குடுத்து வாங்கியிருக்காரே” என்றார் ஒருவர். “புதுசே கடையில கிடைக்குதுண்ணே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?” என்று இன்னொருவர் அக்கறையாக விசாரித்தார். அவர்கள் எல்லோருக்கும் பதில் இது. பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்து விளம்பரத்துக்குப் போய்விடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழையதெல்லாம் உசத்தி என்று பேசுகிற ஆள் நான் இல்லை. பென் டிரைவ் வந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவன் நான். ரெக்கார்டு பிளேட்டுப் பெட்டி சுமந்து சுமந்து என் இடது தோள் இன்றைக்கும் ஒரு விரற்கடை இறங்கித்தான் இருக்கிறது. வேப்ப மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டும்போது கட்டெறும்பிடம் வாங்கிய கடியை நினைத்தால் இப்போதும் அரிக்கிறது. என் மகள் தமிழ்ச்செல்வி இன்று மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு முழு மண்டபத்துக்கும் சத்தம் கூட்டிக் குறைக்கிறாள். அவள் அதிர்ஷ்டசாலி. மைக் செட் தொழிலை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் திருவிடைமருதூரில் நிம்மதியாக இருக்கிறேன். பழைய பிளேயரை நான் ஏக்கத்தில் வாங்கவில்லை. எனக்கு வேண்டிய ஒரு சாமான் அதில் இருந்தது, புதியதில் இல்லை.

அந்தச் சாமானின் அருமையை எனக்குக் காட்டியவர் எங்கள் முதலாளி. பள்ளிக்கூடம் என்னை விட்டதும் கும்பகோணத்தில் அவர் கடையில் சேர்ந்தேன். வயர் சுற்றினேன், பெட்டி தூக்கினேன், மரம் ஏறினேன், சில வருடங்கள் அப்படியே போயின. பிளேயர் பக்கத்தில் உட்கார அனுமதி கிடைத்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

முதலாளி ஒல்லியான மனிதர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ளும் இடத்தில் அவர் சின்ன திருப்புளி வைத்திருப்பார். பாட்டு ஓடும்போது பேசவே மாட்டார், கையைத்தான் காட்டுவார். யாரையும் திட்டியது கிடையாது. ஆனால் வேலையில் தப்புச் செய்தால் டீ வாங்கிக் கொடுப்பார். அவருக்கு எதிரில் நின்று, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த டீயை முழுக்கக் குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். கடையில் யாருக்காவது டீ வருகிறது என்றால் மற்றவர்கள் எல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விடுவோம். வேறு கடைகளில் முதலாளிமார் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். அதுவே தேவலை என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் பிளேயரை வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உமி நிரப்பிய சாக்கு ஒன்றைத் தட்டிச் சமமாக்கி அதன்மேல்தான் பிளேயரை வைப்பார். மேளச் சத்தமும் ஆட்கள் நடக்கிற அதிர்வும் உமியோடு நின்றுவிடும். பிறகு பிளேயரின் பலகைமேல் ஒரு கோலிக்குண்டை வைப்பார். அது எந்தப் பக்கமும் உருளாமல் நிற்கிறவரை சாக்கைத் தட்டிக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. ஒரு சுருதிக் குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே, தனக்குப் பழக்கமான ஒரு பிளேட்டை ஓடவிட்டு, இரண்டும் ஒன்றாக ஒலிக்கிறவரை பிளேயரின் வேக நெம்பை நகர்த்துவார்.

வேக நெம்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பிளேயரில் மோட்டாரின் அச்சு ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கும். ஒரு ரப்பர் சக்கரம் அதைத் தொட்டுக்கொண்டு சுழலும், அந்தச் சக்கரம்தான் மேலே இருக்கும் கனத்த தட்டைச் சுற்றும். நெம்பை நகர்த்தினால் சக்கரம் அச்சின் பருத்த பக்கம் போகும், அல்லது சிறுத்த பக்கம் வரும். பருத்த பக்கம் போனால் வேகம், சிறுத்த பக்கம் வந்தால் நிதானம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தனை பாடு எதற்கு என்று நான் ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. எங்கள் பக்கத்தில் குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற நாளில் எல்லாப் பம்புசெட்டும் ஒன்றாக ஓடும், கரண்டு இறங்கும், பிளேயரும் நிதானமாகிவிடும். வேறு ஊராக இருந்தால் கவனிக்க மாட்டார்கள். இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கூட சுதி அரைக் கட்டை இறங்கினால் திரும்பிப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் முதலாளி சாப்பிடப் போன நேரம் நான் பிளேயர் பக்கத்தில் இருந்தேன். பந்தலைக் கடந்து போன நாயனக்காரர் ஒருவர் நின்று, “ஏன்ய்யா, உங்க பாட்டுக்குக் கால்ல முள்ளு குத்திருச்சா, இப்படி நொண்டுது?” என்று கேட்டார். பந்தலே சிரித்தது. சாயங்காலம் எனக்கு டீ வந்தது.

பிளேயருக்கு எடை ஏன் வேண்டும் என்பதைத் தெப்பத் திருவிழாவில் பார்த்தேன். குளத்தில் சாமி தெப்பத்தில் சுற்றி வரும். இரண்டு கரையிலும் ஆட்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். நாயனம் ஆரம்பிக்கும் வரை தெப்பத்திலேயே பாட்டுப் போட வேண்டும் என்று கோயில்காரர்கள் ஆசைப்பட்டார்கள். முதலாளி அப்போதுதான் புதிதாக ஒரு பிளேயர் வாங்கியிருந்தார். பெட்டி வடிவம், கைப்பிடி வைத்தது, பார்க்க லட்சணமாக இருக்கும். அதையே எடுத்துப் போனோம். குளத்தின் முதல் மூலையில் தெப்பம் திரும்பியதும் வடம் ஒரு வெட்டு வெட்டியது. பிளேயர் முள் ‘வ்ர்ர்ரக்’ என்று பிளேட்டைக் குறுக்கே கீறிக்கொண்டு ஓடி, சாமி பாட்டின் நடுவிலிருந்து முடிவுக்குப் போய்விட்டது. கரையில் எழுந்த சிரிப்பு எங்கள் ஸ்பீக்கரைவிடப் பலமாக இருந்தது. அன்று முதலாளி தனக்குத்தானே ஒரு டீ வாங்கி, குளத்துப் படியில் உட்கார்ந்து தனியாகக் குடித்தார்.

மறுவருடம் அந்த வேலையை அவர் விடவில்லை, கேட்டு வாங்கினார். தெப்பத்து மண்டபத்தின் நான்கு காலிலிருந்தும் சைக்கிள் டியூப்களைக் கட்டி, நடுவில் ஒரு பலகையைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டார். முதல் நாள் ஒத்திகைக்கு அந்தப் புதுப் பெட்டியையே வைத்தோம். அது லேசாக இருந்ததால் டியூப்போடு சேர்ந்து துள்ளியது. முதலாளி அதை இறக்கிவிட்டுக் கடையின் பழைய இரும்புப் பிளேயரைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதை வைத்ததும் பலகை அமர்ந்துவிட்டது. தெப்பம் ஆடியது, பிளேயர் அதன்பாட்டுக்கு நின்றது. மூன்று சுற்றும் ஒரு இடத்தில்கூட முள் தாவவில்லை. மூன்றாவது சுற்றில் கரையில் இருந்தவர்கள் சாமியைப் பார்ப்பதை விட்டு எங்கள் தொட்டிலைப் பார்த்துக் கை தட்டினார்கள். கோயிலில் முதலாளிக்குத் துண்டு போர்த்தினார்கள். அவர் அதை எடுத்துப் பிளேயர்மேல் போர்த்திவிட்டார்.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். கல்யாண வரவேற்புகளில் பழைய மாதிரி ரெக்கார்டு சுற்ற வேண்டும், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது பிள்ளைகள் விரும்புகிறார்கள். தஞ்சாவூர் மண்டபங்களில் இருந்து தமிழ்ச்செல்விக்கு இந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. “ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்ப்பா, நீங்க வந்து பாருங்க” என்று என்னைத் திருச்சியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். பிளேயர் அழகாகத்தான் இருந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், வந்துவிட்டது. முன்னால் வேகத்துக்கு மூன்று பொத்தான்கள் இருந்தன.

“வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கணும்னா?” என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன்.

“தேவையே இல்ல சார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்துன்னா கரெக்டா எழுபத்தெட்டுல ஓடும்.”

“சரி, பிளேட்டு கரெக்டா இல்லைன்னா?”

அவன் என்னைப் பார்த்தான், என் மகளைப் பார்த்தான், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஒரு வீட்டிலிருந்து தகவல் வந்தது. வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர், பிள்ளைகளோடு பெங்களூரு போகிறார், வீட்டைக் காலி செய்கிறார். பரணில் அவருடைய அப்பாவின் பிளேயர் வேட்டியில் சுற்றிக் கிடந்தது. வேட்டியைப் பிரித்ததும் நான் பார்த்தது அந்த நெம்பைத்தான். மகள் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டேன்.

ஆசைப்பட்டு ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தட்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தேன், உரசல் இல்லை. முள் பிடிக்கும் கையை விரல் நுனியால் தள்ளினேன், தடங்கல் இல்லாமல் நகர்ந்தது. மோட்டாரை முகர்ந்தேன், கருகின வாடை இல்லை. ரப்பர் சக்கரம் மட்டும் அச்சில் அழுந்தியே கிடந்ததால் ஒரு இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அது இருந்தால் பாட்டுக்கு நடுவே ‘டொக் டொக்’ என்று தட்டும்.

“இதுக்கு வாரண்டி இருக்காப்பா?” என்றாள் மகள்.

“எனக்கே கிடையாதும்மா” என்றேன்.

வாங்கிவிட்டேன். வண்டியில் ஏற்ற அவளும் ஒரு பக்கம் பிடித்தாள், எடையைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ரப்பர் சக்கரத்துக்கு வெளிநாட்டில் சொல்லி வைக்கலாம் என்று அவள் போனில் தேடினாள். நான் அரிசி மில்களுக்கு ரப்பர் ரோலர் கடைந்து கொடுக்கிற லேத்துக்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நெல்லுத் தோலை உரிக்கிறதைவிட இது சுலபம்தாங்க” என்று புது ரப்பர் ஏற்றி வட்டமாகக் கடைந்து கொடுத்தார். பழைய தட்டுகளுக்குரிய தடித்த முள்ளையும் தேடிப் பிடித்துப் பொருத்தினேன். பிளேயர் பூனை நடக்கிற மாதிரி ஓடியது. அன்றுதான் மகள் படத்தைக் குழுவில் போட்டாள்.

கேலி அடங்குவதற்குள் நித்யா வந்தாள். மயிலாடுதுறைப் பெண், கல்யாணம் நிச்சயமாகி வரவேற்புக்கு எங்களைப் பேசியிருந்தாள். அவள் தாத்தா முத்துக்குமாரசாமி நாயன வித்வான். சின்ன வயதில் தன் மாமாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம் வாசித்து ஒரே ஒரு பிளேட்டு வெளியாகியிருக்கிறது. அதை வரவேற்பில் தாத்தா முன்னால் போட வேண்டும் என்று திட்டம். இப்போது அது வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தாள்.

“ஏம்மா, பிளேட்டு உடைஞ்சு போச்சா?” என்றேன்.

“இல்ல அங்கிள். நானே ஒரு பிளேயர் வாங்கி வீட்டுல போட்டுக் காட்டினேன். தாத்தா கேட்டுட்டு, எங்க பாணி மாதிரிதான் இருக்கு, ஆனா இது நான் இல்லைங்கிறாரு. எத்தனை தடவை போட்டாலும் அதையேதான் சொல்றாரு.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. “கொஞ்ச நாளாவே பேரு மாத்திக் கூப்பிடறாரு, சாவியை எங்கேயோ வெச்சிடறாரு. இதைக் கேட்ட பிறகு அப்பா ரொம்ப பயந்துட்டாரு. கல்யாணத்தன்னிக்குக் கூட்டத்துல தாத்தா ஏதாச்சும் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு, வீட்டுலயே ஒரு ஆள் போட்டு விட்டுட்டுப் போயிடலாம்னு பேசிட்டிருக்காங்க.”

நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். அவள் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள். பிளேயரின் எடையைப் பற்றி அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மயிலாடுதுறையில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. நித்யாவின் அப்பா செந்தில்நாதன் இசை ஆசிரியர், அவரும் நாயனம் வாசிப்பவர், தங்கமான மனிதர். பெரியவர் ஜன்னல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை நடுக்கத்தால் வாசிப்பை விட்டுப் பல வருடம் ஆகிறது. “அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் சரியில்லைங்க” என்று மகன் அவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சுருக்கென்றது.

பிளேயரைத் தரையில் வைத்து மட்டம் பார்த்தேன். முதலில் எழுபத்தெட்டிலேயே ஓடவிட்டேன். கரகரப்ரியா ஆலாபனை. சத்தம் துல்லியமாக வந்தது. பெரியவர் கேட்டார், தலையை இரண்டு பக்கமும் அசைத்தார்.

“யாரோ நல்லா வாசிக்கிறாங்க. நாங்க இல்ல” என்றார்.

“பாத்தீங்களா” என்றார் மகன், மெதுவாக.

முள்ளைத் தூக்கினேன். இந்த வீட்டில் எல்லோரும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேள்வி கேட்கவில்லை. நாற்காலி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஐயா, எதனால நீங்க இல்லைங்கிறீங்க?”

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். “மாமா நாயனம் ரெண்டரைக் கட்டை. இது மூணுல நிக்குது. அதோட நாங்க இப்படி ஓட மாட்டோம்.”

மகனுக்கு அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. நாயனத்தில் நீளமானது பாரி, அதன் சுதி இறங்கியிருக்கும். அதைவிடக் கொஞ்சம் குட்டையானது இடைபாரி, அதில் சுதி ஏறும். “பதிவுக்காக அன்னைக்கு இடைபாரி எடுத்திருப்பாங்கப்பா. அந்தக் காலத்துல பல பேரு அப்படிப் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு மறந்திருக்கும்” என்றார். நாயனம் தெரியாத வீட்டில் இந்தத் தவறு நடந்திருக்காது. தெரிந்த வீடு என்பதால்தான் அதற்கு ஒரு பொருத்தமான காரணம் கிடைத்து, எல்லோரும் அதில் நின்றுவிட்டார்கள்.

“மாமா இடைபாரியைத் தொட்டதில்லடா” என்றார் பெரியவர். “நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“எங்க வெச்சுப் பதிவு பண்ணினாங்கய்யா?” என்று கேட்டேன்.

“சத்திரத்துல. கரண்டு இல்லைன்னு ஜெனரேட்டர் போட்டாங்க. பல்பு மங்கி மங்கி எரிஞ்சுது.”

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஜெனரேட்டர் தளர்ந்தால் பதிவு செய்கிற எந்திரமும் நிதானமாக ஓடியிருக்கும். நிதானமாகப் பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் ஏறித்தான் கேட்கும். நித்யா வாங்கிய புதுப் பிளேயரில் குறை ஒன்றும் இல்லை. அது சொன்னபடி எழுபத்தெட்டில் ஓடியிருக்கிறது. பிளேட்டுதான் எழுபத்தெட்டு இல்லை.

“மாமா நாயனம் வீட்டுல இருக்குங்களா?” என்றேன். பூஜை அறையில் இருந்தது. செந்தில்நாதன் உறையிலிருந்து எடுத்துத் துடைத்தார், ஊதுகிற சீவாளியை நனைத்து அதன் நுனியில் பொருத்தினார். “ஷட்ஜத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுப் பிளேட்டை மறுபடி ஓடவிட்டேன். அறையில் இரண்டு சுதியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நெம்பில் விரலை வைத்தேன். கொஞ்சம் நகர்த்தினேன், பாட்டு இறங்கியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், தாண்டிப் போய்விட்டது. திரும்ப மேலே கொண்டுவந்தேன். பிளேட்டில் பின்னால் விடாமல் ஒலித்த ஒத்துக் குழலின் சுதியும் செந்தில்நாதன் பிடித்திருந்த சுதியும் நெருங்கின, அலைஅலையாக அதிர்ந்தன, அந்த அலை நீண்டு நீண்டு கடைசியில் அடங்கியது. எது பிளேட்டு, எது நேரில் ஊதுவது என்று பிரிக்க முடியவில்லை. செந்தில்நாதன் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டுச் சுற்றுகிற பிளேட்டைக் குனிந்து பார்த்தார். புதிய பிளேயரில் அந்த நெம்பு இல்லை. சங்கத்து நண்பர்களே, உங்கள் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

முள்ளை முதலிலிருந்து வைத்தேன்.

ஆலாபனை ஆரம்பித்ததுமே பெரியவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். “மாமா” என்றார். அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் துளைகளைத் தேடி மூடத் தொடங்கின. நடுக்கம் இருந்தது, ஆனால் விரல் மாறவில்லை. “இப்ப நிறுத்துவாரு. எனக்குக் குடுப்பாரு” என்றார். மாமா நிறுத்தினார். இரண்டாவது நாயனம் எடுத்தது, இளசான ஊத்து, கொஞ்சம் பயந்த ஊத்து.

“மேல போய் நிக்கிற எடத்துல ஒரு பிசிறு தட்டும்” என்றார் பெரியவர், பிளேட்டை முந்திக்கொண்டு. “சீவாளி உதட்டுல வழுக்கிருச்சு. முடிஞ்ச பிறகு எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மாமா மட்டும் பாக்கல.”

நாயனம் மேலே போனது, நின்றது, பிசிறியது.

“அது தட்டுல இருக்கிற கீறல்னுல்ல நாங்க நினைச்சோம்” என்றாள் நித்யா. பெரியவர் சிரித்தார். முகம் முழுக்கச் சிரித்தார். அத்தனை வருடம் கழித்துத் தன் தப்பைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளேட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. செந்தில்நாதன் அப்பாவின் நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்தார். கையில் இன்னும் மாமாவின் நாயனம் இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்பா, கல்யாணத்துக்கு எந்த நாயனத்தை எடுக்கலாம்?”

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டு நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

“இதையே எடு. ரெண்டரையிலயே இருக்கட்டும். தவுலுக்கு யாரைச் சொல்லியிருக்க?”

செந்தில்நாதன் ஒரு தவுல்காரரின் பெயரைச் சொன்னார்.

“அவன் அவசரக்காரன். முகூர்த்தத்துக்கு முன்னாடியே கெட்டிமேளம் கொட்டிருவான். மாத்து.”

“முன்பணம் குடுத்தாச்சேப்பா.”

“குடுத்தது போகட்டும். மாத்து. என்னைப் பின்னாடி ஃபேன் ஓரமா உக்கார வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். மேளத்துக்கு எதிர்லதான் உக்காருவேன்.”

“சரிப்பா” என்றார் செந்தில்நாதன்.

கல்யாணத்துக்கு நாங்கள் விடிவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய் ஸ்பீக்கர் கட்டிவிட்டோம். பெரியவர் பட்டு வேட்டியில் வந்து மேளத்துக்கு நேர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தவுல்காரரை மாற்றியிருந்தார்கள்.